கட்டம் போட்ட தோசை

எனக்குக் கல்யாணமானபோது முப்பத்திரண்டு வயது. அவருக்கு அது இரண்டாவது கல்யாணம். மூத்தது பெண், எட்டு வயது. இளையது பையன், ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவர்களுடைய அம்மா மஞ்சள்காமாலையில் இறந்த பிறகு பிள்ளைகள் இருவரும் முக்கூடலில், அம்மாவின் பிறந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே அவர் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டார். பெண் வாசலில் துணிப்பையோடு நின்று, புத்தகங்களை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் அல்ல, அவளுடைய அப்பாவிடம்.

கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டிய தெருவில் வாடகை வீடு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ஒரு வாழைத் தோட்டம், அதற்கப்பால் தாமிரபரணி. அந்த வருடம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றின் சத்தம் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டதுபோல இருக்கும். மத்தியானங்களில் நான் தனியாக இருக்கும்போது, அந்தச் சத்தத்தில் வீடே மெல்ல நகர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். வாழையிலைகள் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடித் திறந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பார்கள்.

அவருக்கு நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைகிற வேலை. பேச்சு மிகக் குறைவு. அதனால் சாப்பாட்டு நேரம் எங்கள் வீட்டில் அமைதியாகவே கழியும். பெண் நான் கொடுக்கும் தட்டை ஒருநாளும் வேண்டாம் என்று தள்ளியதில்லை. தள்ளியிருந்தால்கூட அதைச் சாக்கிட்டு ஏதாவது பேசியிருப்போம். வாங்கிக்கொள்வாள். சாம்பாரில் கிடக்கும் கேரட்டையும் பீன்ஸையும் சௌசௌவையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள். கொஞ்சம் தயிர்ச்சோறு தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். தம்பி அக்காவின் தட்டைப் பார்த்து அப்படியே செய்வான். பழக்கமில்லாத அவனுடைய சின்ன விரல்களில் பீன்ஸ் வழுக்கிக் கீழே விழும். அதை எடுத்து மறுபடி வரிசையில் வைப்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் நான் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யார் உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் என் கண் அளந்துவிடும். கார்த்திகையில் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கொக்கியை உள்ளே தள்ளி நானே தைத்தேன். தைத்து முடித்த பிறகும் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் பையன் என் டிரங்குப் பெட்டிக்குள் புகுந்து ஒரு பொருளை இழுத்து வெளியே போட்டான். இரண்டு நீளமான கைப்பிடிகள். முனையில் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்ளும் இரண்டு வட்டமான இரும்புத் தட்டுகள். திறந்தால் உள்ளே இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகப் பல் எழும்பியிருக்கும். முழுக்கத் துருவேறிக் கிடந்தது.

அதன் கதை இதுதான். என் அப்பா மாஞ்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். எஸ்டேட் துரை வீட்டில் ஒரு சமையற்காரர், பிறந்தநாள் வந்தால் இந்த இரும்பில் மாவை ஊற்றி ஒரு பலகாரம் சுடுவார். வாஃபிள் என்று அதற்குப் பெயர். என் சிறுவயதில் ஒரே ஒருமுறை, பங்களாவின் பின்வாசலில் நின்று அதைத் தின்றிருக்கிறேன். தின்ற ருசி மறந்துவிட்டது. மேகம் இறங்கி வாசற்படியை மூடியிருந்ததும், கையில் அந்தக் கட்டங்கள் வெதுவெதுப்பாக இருந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. துரை வேலை மாறிப் போகும்போது, தங்கள் குழந்தையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கூட இருந்தார் என்பதற்காகத் துரையின் மனைவி அப்பாவுக்குச் சில சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இதுவும் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் அதை அடுப்பில் வைத்ததில்லை. கல்யாணத்தின்போது பாத்திரங்களோடு பாத்திரமாக என் பெட்டிக்குள் வந்துவிட்டது.

"இது என்ன?" என்று பையன் கேட்டான். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தோசைக்கல்லுதான். இதுல ஊத்துனா தோசை கட்டம் கட்டமா வரும்."

"பொய்" என்றான். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து அந்த இரும்போடு என் மத்தியானங்கள் கழிந்தன. தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்தேன். பல்லுக்குப் பல் நடுவில் இருந்த துருவை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல வடித்த கஞ்சியில் ஊறப்போட்டு, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் காட்டி எடுத்தேன். மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. எண்ணெய் புகைகிற வாசமும் ஈர வாழையின் வாசமும் கலந்து அடுக்களை முழுதும் நிற்கும். இரும்பு நாளுக்கு நாள் கறுத்து, ஆற்றின் அடியில் கிடக்கும் கல்போல மினுங்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் நேரே அதைப் போய்த் தொட்டுப் பார்ப்பான். பெண் அடுக்களைக்குள் வரமாட்டாள். நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். பார்க்காததுபோலப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

மாவுதான் பெரிய யோசனையாக இருந்தது. துரை வீட்டுச் சமையற்காரர் மைதாவில் முட்டையை அடித்து ஊற்றுவார். எங்கள் சைவ வீட்டில் முட்டைக்கு இடமில்லை. வேறொரு பக்குவம் கேட்கலாம் என்றாலும் யாரிடம் கேட்பது? திருநெல்வேலியில் அதைப் பார்த்தவர்களே இல்லை. முதல்முறை வெறும் இட்லி மாவை ஊற்றி மூடினேன். மேல்பாதி ஒரு தட்டிலும் கீழ்ப்பாதி ஒரு தட்டிலும் ஒட்டிக்கொண்டு, வாயைப் பிளந்ததுபோலத் திறந்தது. பையன் எழுந்து வெளியே போனான். கத்தி முனையால் ஒவ்வொரு கட்டமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நிலைப்படியிலிருந்து பெண் பேசினாள்.

"புதுக் கல்லுக்கு அம்மா வெங்காயம் தேய்ப்பா."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவள் என் முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. இரும்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எப்படித் தேய்ப்பா?"

"பாதியா வெட்டி, முள்கரண்டில குத்தி. எண்ணெயில முக்கி முக்கி. பைய தேய்க்கணும்."

அரிவாள்மணையில் ஒரு பல்லாரி வெங்காயத்தைப் பாதியாக அரிந்து நீட்டினேன். அவள் உள்ளே வந்து வாங்கினாள். முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்து, கட்டங்களின் மேல் பைய, மிகவும் மெதுவாக, தேய்த்தாள். வெங்காயம் சுடுகிற வாசம் எழும்பியது. அவள் கண்ணில் நீர் வந்தது, என் கண்ணிலும் வந்தது. வெங்காயம் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம்.

அரைப்பரீட்சை முடிகிற நாள் வந்தது. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, சாயங்காலம் முக்கூடலிலிருந்து மச்சினன் வருவதாகச் சொன்னார். பிள்ளைகளின் தாய்மாமா. முக்கூடலில் உரக்கடை வைத்திருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். கல்யாணத்தன்று பார்த்ததுதான். மாலை மாற்றும்போது கூட்டத்தின் பின்னால் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். எதற்கு வருகிறார் என்று கேட்டேன். லீவுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போக, என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. அன்று முழுதும் கை தன்பாட்டில் வேலை செய்தது, மனசு எங்கோ மிதந்துகொண்டிருந்தது. விருந்தாளிக்கு மரியாதையாகச் சொதி வைக்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தேன். பால் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வைத்தேன். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இரண்டாம் பாலில் வெந்தன. இஞ்சிப் பச்சடியும் செய்தேன். பிள்ளைகளுக்கு இன்றைக்கு அந்த இரும்பில்தான் சுடுவது என்று தீர்மானித்தேன். பச்சரிசி மாவோடு கொஞ்சம் ரவை, பொங்கப் பொங்க ஆட்டிய உளுந்து, புளித்த தயிர், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. ஊறவைத்துப் பார்த்தால் மாவு மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு எழும்பியது.

மத்தியானம் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். பெண்ணிடம் கேரட் துருவித் தருவாயா என்று கேட்டேன். காயை மாவுக்குள் ஒளித்துவைத்து அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. உள்ளே என்ன போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், தெரிந்து தின்ன வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். அவள் உட்கார்ந்து துருவினாள். நான் பீன்ஸையும் முட்டைக்கோசையும் பொடிப்பொடியாக அரிந்தேன். சின்ன வெங்காயம், மல்லித்தழை, தட்டிய மிளகு. பையன் பட்டாணியை உரித்து ஒன்றை மாவிலும் ஒன்றைத் தன் வாயிலுமாகப் போட்டான். செம்மஞ்சள் நிறத்தில் கேரட் மாவுக்குள் அமிழ்ந்து சுழல்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வந்தார். குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு, பிள்ளைகளுக்குக் கருப்பட்டி மிட்டாய். பையன் ஓடிப்போய் அவருடைய ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டான். பெண் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் துண்டும் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபத்தைவிடக் கனமான ஏதோ ஒன்று இருந்தது.

நான் அடுக்களைக்குத் திரும்பிய பிறகு முன்னறையில், ஆபீஸ் விட்டு வந்திருந்த என் கணவரிடம் மாமா பேசுவது கேட்டது.

"பிள்ளைய ரெண்டும் மெலிஞ்சு போச்சுன்னு நான் நம்பல அத்தான். இப்பம் கண்ணால பாக்குதேன். அங்க அம்மா தினமும் அழுதுக்கிட்டு இருக்கா. லீவு முடிஞ்சாலும் முக்கூடல்லயே இருக்கட்டும். பள்ளிக்கூடம் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

ஓட்டில் மழை விழுவதும், அதற்கடியில் ஆறு போவதும் கேட்டன. நான் சொதிக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் என் கணவர், "பிள்ளையள்ட்ட கேளு மாப்ளே" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மழைக்காலத்தில் அது வாடிக்கைதான். தெரு முழுதும் ஒரே சமயத்தில் இருட்டியது. அடுக்களையில் மட்டும் காஸ் அடுப்பின் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. ஒரு சிம்னி விளக்கை ஏற்றி மேடையில் வைத்தேன். வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பையன், அவன் பின்னால் மாமா, பிறகு அவர். கடைசியாகப் பெண் பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். அந்தச் சின்ன அடுக்களையில் அத்தனை பேர் உட்கார்ந்ததே இல்லை. நிழல்கள் சுவரில் பெரிதாக அசைந்தன. இப்போது நினைத்தாலும், நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் ஒரு படகுக்குள் உட்கார்ந்திருந்ததுபோலத்தான் நினைவு வருகிறது.

இரும்பைத் தீயில் காயவைத்தேன். பெண் கேட்காமலே வெங்காயத்தைக் குத்தி எடுத்து இரண்டு தட்டிலும் தேய்த்தாள். மாவை ஊற்றி மூடி, கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினேன். விளிம்பில் நீராவி சீறியது. சீறல் அடங்கும்வரை பொறுத்திருந்து திறந்தேன்.

ஒட்டவில்லை. முழுதாக, பொன்னிறமாக, கட்டம் கட்டமாக எழும்பி நின்றது. கட்டங்களின் ஓரங்களில் கேரட் சிவந்தும் மல்லி கறுத்தும் தெரிந்தன. தட்டைச் சாய்த்ததும் தானாக நழுவி விழுந்தது.

பையன் குனிந்து அதன் அருகே முகத்தை வைத்துப் பார்த்தான். "ஜன்னல்" என்றான் மெதுவாக. பிறகு ஒரு மூலையைப் பிய்த்து வாயில் வைத்தான். மொறுமொறுவென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த மூலையையும் பிய்த்தான். அக்காவின் தட்டை அவன் பார்க்கவே இல்லை.

இரண்டாவது பெண்ணுக்கு. அவள் அதை மடியில் தட்டோடு வைத்துக்கொண்டு, ஒரு கரண்டியில் சொதியை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தேங்காய்ப்பால் கட்டத்துக்குள் தேங்கி, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. வயலுக்கு மடை திறந்துவிடுகிற கவனம் அவள் கையில் இருந்தது. ஒரு வரிசை நிரம்பியதும் அந்த வரிசையைத் தின்றாள். பிறகு அடுத்த வரிசைக்கு ஊற்றினாள். ஓரத்தில் எதையும் ஒதுக்கவில்லை. அவளுடைய அப்பா தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"ஏட்டி, மாமா கூட முக்கூடலுக்கு வாரியா? இனி அங்கனயே இருந்து படிக்கலாம்."

நான் இரும்பைத் திருப்பினேன். என் கைக்கு அந்த வேலை இருந்ததற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அவள் ஒரு கட்டத்தில் ஊற்றிய சொதி உள்ளே ஊறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீவுக்கு வாரேன் மாமா" என்றாள். "பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்தி கொண்டாந்து விட்டுருங்க." பிறகு சொதிப் பாத்திரத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள். "நீங்க பைய சாப்பிடுங்க. சூடா இருக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் ஒருமுறை அசைந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவும் இவரும் கூடப்பிறந்தவர்கள், ஒரே அடுக்களையில் இப்படித் தரையில் உட்கார்ந்து தின்று வளர்ந்தவர்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவரிடமிருந்து எதையோ காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னைவிட அதிகமாக இழந்தவர். அப்போதுதான் வெந்த ஒன்றை அவர் தட்டில் வைத்தேன். அவரும் மருமகள் செய்ததுபோலவே கட்டம் கட்டமாகச் சொதி ஊற்றித் தின்றார். தின்று முடித்து, விரலைத் தட்டின் ஓரத்தில் துடைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இன்னொண்ணு போடுங்கக்கா" என்றார்.

மாவு தீரும்வரை சுட்டேன். கரண்ட் வந்தபோது பையன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான். திடீரென்று விழுந்த வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கி, ஏதோ தூரப் பயணத்திலிருந்து வந்து இறங்கியவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமா கிளம்பினார். மழை விட்டிருந்தது. லீவு நாட்களில் வீடு பெரிதாகிவிட்டது. நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருநாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ போயிருவாள்னுதான் நெனச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தோம். அவளைப் பற்றி, பையனைப் பற்றி, இறந்துபோன அவர்களுடைய அம்மாவைப் பற்றியும். அவள் பாடிக்கொண்டே மாவாட்டுவாளாம். அது எனக்கு அதுவரை தெரியாது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள் ஜங்ஷன் பஸ் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். முக்கூடல் பஸ்ஸிலிருந்து முதலில் பெண் இறங்கினாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மாமா பையனைத் தூக்கி என் கையில் கொடுத்தார், ஒரு பை கத்தரிக்காயும் கொடுத்தார். அதே பஸ் திரும்புகிறது என்று ஏறிக்கொண்டார்.

ஆற்றுப்பாலத்தில் நடந்தோம். தண்ணீர் வடிந்து, பாறைகள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன. பெண் பேசிக்கொண்டே வந்தாள். முக்கூடலில் மாமா சாதாரணத் தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தோசைத் திருப்பியால் கோடு கோடாகக் கிழித்துப் பார்த்தாராம். "சரியா வரல சித்தி. எல்லாம் பிஞ்சு போச்சு. ஆனாலும் நாங்க தின்னுட்டோம்." மாமா வீட்டில் கன்று போட்ட பசுவைப் பற்றிச் சொன்னாள். வாய்க்காலில் தம்பி விழப்பார்த்ததைச் சொன்னாள். பையன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான். அவன் வாய் ஈரம் என் ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் அவள் என் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காதை நான் பிடித்துக்கொண்டேன். அப்படியே நடந்து வீடு வந்தோம்.